நட்ட கணக்கும் தழைத்த கணக்கும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கண்டற்காடுகளைக் காக்கும் பணியில் மக்கள் பங்காளிகளாக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இம்முயற்சிகள் தந்த பலன் யாது என்பதை நிதானமாக அளவிட வேண்டியது அவசியமாகும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இப்பகுதியில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1996 இல் பரவிய வெண்புள்ளி நோய் அப்பண்ணைகளையும் நிலைகுலையச் செய்தது. இலாபம் ஈட்டியோர் சென்றுவிட, உவர்நிலக் குளங்களே எஞ்சின. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் காடு அழிந்ததால் நட்டமடைந்தோர் களப்பை நம்பிய சிறு மீனவர்களே. இதில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமில்லை. 1990 இல் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு இங்கு தஞ்சமடைந்த முஸ்லிம்களில் கடற்றொழிலை நம்பியோருக்கும் இக்களப்பே கைகொடுத்தது.

இந்நிலையில், சிலாபத்தை மையமாகக் கொண்ட சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீகொலஜி நிறுவனமும் அரசாங்கத்துடன் இணைந்து 2015 இல் ஆரம்பித்த திட்டம் உலகின் கவனத்தை ஈர்த்தது. கரையோரக் கிராமங்களின் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அதற்கு ஈடாக நாட்டின் சுமார் 8,800 ஹெக்டேயர் கண்டற்காடுகளைக் காப்பதே அதன் இலக்காகும். 2016 இல் பம்பலயில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

எனினும், நாற்று நடுவது வேறு, காடு வளர்வது வேறு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்ட கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று கசப்பான உண்மையை எடுத்துரைத்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையிலான மீளமைப்பில் வெற்றியளித்தவை 200 முதல் 220 ஹெக்டேயர் மாத்திரமே. 23 இடங்களில் ஒன்பதில் ஒரு செடியேனும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட செடிகள் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று மட்டுமே. அவற்றுள் இரண்டு புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பது ஆறுதலளிக்கின்றது.

தோல்விக்கான காரணங்களும் மறைவானவையல்ல. வற்றுப்பெருக்கின் அளவறியாது பொருந்தாத நிலத்தில் நட்டமை, கால்நடைகளின் மிதிப்பும் மேய்ச்சலும், நட்டபின் பராமரிப்பின்மை என்பனவே அவை. புகைப்படத்துக்காக நாற்று நட்டுச் செல்வோர் பராமரிக்க வருவதில்லை. அதனைச் செய்யக்கூடியவர்கள் கரையிலேயே வாழும் மக்கள்தான்.

ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களில் நீரோட்டத்தைச் சீர்செய்து, கண்டல்கள் இயற்கையாகவே தழைக்க வழிசெய்யப்படுவது நல்ல முன்னுதாரணமாகும். இலங்கையின் கண்டல் மீளுருவாக்கப் பணியை 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. ஆயினும் அதே சரணாலயத்தில் 2020 இல் இறால் பண்ணைக்கெனக் கண்டல்கள் அழிக்கப்பட்டதையும் மறந்துவிடலாகாது.

எனவே, நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையையும் வழங்கிய கடன் தொகையையும் வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது தகாது. ஐந்தாண்டுகளின் பின் நிற்கும் மரங்கள் எத்தனை, மீனவரின் வலையில் விழுவது எவ்வளவு, கடன்பெற்ற பெண்ணின் வருமானம் உயர்ந்ததா என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். காட்டைக் காக்கும் பொறுப்பை ஏழைப் பெண்களிடம் ஒப்படைத்த அரசு, அதனை அழிக்கும் செல்வாக்குள்ளோரைச் சட்டத்தின் முன் நிறுத்தும் தனது பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடாது.