திருப்பூர் உப்பும் சோடியம் பேட்டரியும்

திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கலப்பு உப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம். லித்தியத்துக்கு மாற்றாக உலகம் தேடிக்கொண்டிருப்பதும் சோடியம்தான். இரண்டுக்கும் முடிச்சுப்போட யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. சோடியம் பேட்டரி இந்தப் பகுதிக்குத் தேவை. ஆனால் அதற்கான காரணம் நம்மிடம் கிடக்கும் உப்பு அல்ல.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் நூலில் பிடித்ததும் உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அது நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு உதவாமல் ஆக்கியதும், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. இப்போது கழிவுநீரிலிருந்து மீட்கும் சோடியம் சல்பேட் மறுபடி சாயத்துக்கே போகிறது. பிரிக்க முடியாத மிச்சம்தான் குவிகிறது. பேட்டரிப் பொருள் செய்யப் பொதுவாக எடுப்பது சோடியம் கார்பனேட். சாயப்பட்டறையில் தினமும் புழங்கும் அதே சோடா ஆஷ், ஆனால் பன்மடங்கு தூய்மையில். கழிவு உப்பை அந்தத் தூய்மைக்குக் கொண்டுவரும் செலவை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, சோடியம் பேட்டரியின் விலையைத் தீர்மானிப்பது சோடியமே அல்ல. ஆய்வகங்களில் மிக அதிகமாகப் பேசப்படும் சோடியம்-நிக்கல்-மாங்கனீசு ஆக்ஸைடை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோவில் சோடியம் ஏறக்குறைய 15 கிலோ, நிக்கல் 19, மாங்கனீசு 35, மீதி ஆக்சிஜன். பணம் நிக்கலில் போகிறது. அதையும்விடப் பெரிய சிக்கல், அந்த 15 கிலோ சோடியம் உள்ளே எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த ஆக்ஸைடுகளின் உள்ளமைப்பு, கட்டிங் மேசையில் விரித்து அடுக்கிய பனியன் துணி போன்றது. ஒவ்வொரு விரிப்பும் உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடு. சோடியம் அயனிகள் விரிப்புகளுக்கு இடையில் கிடக்கின்றன. சார்ஜ் ஏறும்போது அவை வெளியேறுகின்றன, இறங்கும்போது திரும்புகின்றன. அடுக்கு சரிந்தால் வெட்டு கெடும் என்று கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும்; இங்கும் அதே பயம்தான். தகடுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை வைத்து பிரான்சின் குளோட் டெல்மாசும் சகாக்களும் 1980இல் வகுத்த பி2, ஓ3 என்ற பெயர்களையே இன்றும் பயன்படுத்துகிறோம். பி2 வகையில் சோடியத்துக்கு வழி அகலம். ஓ3 வகையில் இடுக்கு. லித்திய அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ரம், சோடியத்துக்கு 1.02. பெரிய உருவம் ஆகையால் வழியின் வடிவம் இதற்கு அதிகம் முக்கியமாகிறது.

சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்போது காலி இடங்கள் உண்டாகின்றன. மிஞ்சிய அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று சில அளவுகளை எட்டும்போது, யாரும் சொல்லாமலே அவை சீரான கோலத்தில் நின்றுவிடுகின்றன. பார்க்க அழகு, பேட்டரிக்குத் தொல்லை. அந்தந்த இடத்தில் மின்னழுத்தம் படிபோல் ஏறுகிறது, அயனிகளின் ஓட்டமும் மந்தமாகிறது. நிக்கல்-மாங்கனீசுப் பொருளில் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் தகடுகளே வழுக்கி வேறு அடுக்காக மாறும். கன அளவு 23 சதவீதம் வரை சுருங்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் துகள்கள் விரிசல் விடும். எனவே விஞ்ஞானிகள் செய்வது விசித்திரமான வேலை: மக்னீசியத்தையும் டைட்டானியத்தையும் கலந்து அந்த ஒழுங்கைக் குலைக்கிறார்கள். படிகள் மறைந்து வளைவு சீராகிறது. ரிலையன்ஸ் 2022 தொடக்கத்தில் பத்து கோடி பவுண்டு மதிப்பில் வாங்கிய பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தின் அறிவுச் சொத்தில் பெரும்பங்கு இத்தகைய கலவைகள்தான். சீன அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2015இல் நிக்கலே இல்லாமல், செம்பு, இரும்பு, மாங்கனீசு கொண்டு செய்து காட்டினார்கள். அங்கிருந்து பிறந்த ஹைனா நிறுவனத்தின் கலங்களோடு 2024இல் ஹூபேய் மாநிலத்தில் 100 மெகாவாட்-மணி சேமிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது.

திருப்பூருக்கு இதில் என்ன வேலை? காற்றாலைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித் தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் பின்னலாடை நிறுவனங்கள் பல. ஆடிக் காற்றில் மின்சாரம் கொட்டும். மாலை உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிவரும். இடையிலுள்ள சில மணி நேரத்தைத் தாண்டவைக்கும் சேமிப்பே தேவை. இங்கே எடை பிரச்சினை இல்லை. கிடங்கு மூலையில் கிடக்கப்போகிற பெட்டிக்கு எடை கூடினால் என்ன? காருக்குப் பாரமான சோடியம், ஆலைக்குப் பொருந்துவது இதனால்தான். முழுவதும் இறக்கி, பூஜ்ய வோல்ட்டில் லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்பதும் சின்ன விஷயமல்ல.

ஆனால் ஓ3 வகைப் பொருட்கள் ஈரக் காற்றைக் கண்டால் மேற்பரப்பில் சோடியம் கார்பனேட்டாகப் பூக்கும். உலர் அறை இல்லாத தொழிற்சாலையில் இவற்றைச் செய்ய முடியாது. நீர் தாங்கும் வகைகளை மும்பை ஐஐடி உருவாக்கிவருகிறது; காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்கலத்தைச் சோதிக்கும் அனுபவம் பல பத்தாண்டுகளாக உண்டு. மானியம் அறிவிக்கும் முன் அரசு செய்ய வேண்டியது, விற்க வரும் கலங்களைச் சித்திரை வெயிலின் வெப்பத்தில், ஒரு நிட்டிங் ஆலையின் உண்மையான ஏற்ற இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது.

வாங்குகிறவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மேல்மட்ட வோல்ட்டை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். வழுக்கும் எல்லைக்குக் கீழே நிறுத்தினால் கொள்ளளவு குறையும், ஆயுள் நீளும். எல்லைவரை இழுத்தால் காகிதத்தில் எண்கள் பளிச்சென்று இருக்கும். கொட்டேஷனில் கொள்ளளவும் சுழற்சி எண்ணிக்கையும் ஒரே வோல்ட்டுக்குத் தரப்பட்டவையா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

கட்டுரையாளர்: திண்ம வேதியியல் பேராசிரியர்