விலை நமது, திறவுகோல் எவரது?

ஏரை விலைகொடுத்து வாங்கிய உழவன், அதனைத் தன் வயலில் பூட்டுதற்குத் தச்சனிடம் மீண்டும் இசைவு கேட்பதில்லை. பானையை வாங்கிய இல்லாள், அதில் எந்தக் கிணற்று நீரை முகப்பது என்று குயவனைக் கேட்பதில்லை. விற்றவன் கைவிட்டான்; வாங்கியவன் கைக்கொண்டான்; விலையோடு உரிமையும் கைமாறிற்று. வாணிகம் தோன்றிய நாள்தொட்டு மக்கள் ஒப்புக்கொண்டு வரும் முறை இதுவே.

அம்முறை இன்று நம் சட்டைப்பையில் உள்ள பொருளொன்றில் தலைகீழாகிக் கிடக்கின்றது. பல்லாயிரம் உருபா கொடுத்து வாங்கிய புதிய திறன்பேசி, பெட்டியினின்று எடுத்த அளவில் பேசுவதில்லை. சிம் அட்டையைச் செருகியவுடன் பேசும் என்று எதிர்பார்த்தவர்க்கு, இணைப்பு இல்லை என்னும் அறிவிப்பே திரையில் தோன்றுகின்றது. கடைக்காரர் இணைப்பு நிறுவனத்தைக் கைகாட்டுவார். இணைப்பு நிறுவனம் பேசியை ஆக்கிய நிறுவனத்தைக் கைகாட்டும். ஆக்கிய நிறுவனமோ, உங்கள் இணைப்பு நிறுவனத்தையே கேளுங்கள் என்று புறப்பட்ட இடத்திற்கே திருப்பி அனுப்பும். பணம் மூவரையும் சென்று சேர்ந்துவிட்டது; பொறுப்பு மட்டும் எவரையும் சென்று சேரவில்லை!

இந்நிலையைக் கடப்பதற்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் 'ஆக்டிவேசன்' என்பது. இயங்கச் செய்தல், உயிரூட்டுதல் என்பன அதன் பொருள். பேசி ஏதோ உயிரற்றுக் கிடந்தது போலவும், நிறுவனம் அருள்கூர்ந்து அதற்கு உயிர் கொடுப்பது போலவும் அச்சொல் நம்மை மயக்குகின்றது. உண்மை அதுவன்று. அலைவாங்கியும் மின்கலமும் திரையும் பெட்டிக்குள்ளேயே இயங்கும் நிலையில்தான் உள்ளன. குறைவது உயிரன்று, இசைவே. ஆகலின் அதனைத் தமிழில் 'இயக்க இசைவு' என்றே வழங்குதல் வேண்டும். சொல் திருந்தியவுடன் கேள்வியும் திருந்திவிடுகின்றது. இசைவு தருபவர் எவர்? எவ்வுரிமையால் தருகின்றார்? மறுப்பின் எவரிடம் முறையிடுவது?

இவற்றிற்கு விடை காணுமுன் அதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. புதிய பேசியொன்று மூன்று வாயில்களைக் கடந்தே பேசுகின்றது. முதல் வாயில் சிம் அட்டை. பயன்படுத்துவோரைக் குறிக்கும் எண்ணும், வெளியே எடுக்கவொண்ணா மறைகுறி ஒன்றும் அதனுள் உள்ளன. அதே மறைகுறி நிறுவனத்தின் நடுவக் கணினியிலும் உள்ளது. இரண்டும் ஒத்தாலன்றி அவ்வாயில் திறவாது. இரண்டாம் வாயில் பேசிக்குரிய எண். ஒவ்வொரு பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்பெறும் 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். களவுபோனவற்றின் பட்டியலில் அவ்வெண் உள்ளதா என்பதை வலையமைப்பு பார்க்கும். சில நாடுகளில், நிறுவனம் ஏற்றுக்கொண்ட பேசிகளின் பட்டியலில் உள்ளதா என்பதையும் பார்க்கும். மூன்றாம் வாயில் பேசிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். இன்ன வலையமைப்பில் குரலை இன்னவாறு அனுப்புக என்னும் குறிப்பு அதில் இருத்தல் வேண்டும். விற்றவர் பூட்டி விற்றிருப்பின் அப்பூட்டும் திறந்திருத்தல் வேண்டும்.

முதல் வாயிலை நாம் குறைகூறவில்லை. ஒருவர் பெயரால் மற்றொருவர் பேசாதவாறு காப்பது அது. களவுப் பட்டியலும் அத்தகையதே. இந்தியாவில் விற்கப்பெறும் பேசியின் எண்ணை முதல் விற்பனைக்கு முன்னரே அரசிடம் பதிதல் வேண்டும் என்னும் விதி 2023 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொலைந்த பேசியை முடக்கும் ஏற்பாடு அவ்வாண்டு மே திங்களில் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பெற்றது. கள்வனுக்குக் கதவடைப்பது காவல், அதனை வரவேற்கின்றோம். ஆனால் விலைகொடுத்தவனுக்கே கதவடைப்பதும் காவலாகுமா?

இக்கேள்வி நேற்று எழுந்ததன்று. திறன்பேசி பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவில் எழுந்து, விடையும் கண்ட கேள்வி இது. அந்நாளில் அங்குத் தொலைபேசித் துறையைத் தன் பிடியில் வைத்திருந்தது ஏடி அண்ட் டி நிறுவனம். கம்பியும் அதனுடையது, வீட்டிலிருந்த பேசியும் அதனுடையது. மக்கள் பேசிக்குத் திங்கள்தோறும் வாடகை கொடுத்து வந்தனர். பேசுவது அருகிருப்போர்க்குக் கேளாதிருக்க வாய்ப்புறத்தில் மாட்டும் சிறு கவிப்பொன்றைச் சிறு நிறுவனமொன்று விற்றது. அதனையும் மாட்டக்கூடாது என்று பெருநிறுவனம் தடுத்தது. ஆணையமும் அதன் பக்கமே நின்றது. ஆனால் 1956-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தடையைத் தள்ளிற்று. கையைக் குவித்து மெல்லப் பேசுவதைத் தடுக்கவியலாத நிறுவனம், கவிப்பை மட்டும் தடுப்பது எங்ஙனம் பொருந்தும்?

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த தாமசு கார்ட்டர் என்பார் வழக்காடினார். கம்பியில்லா வானொலிப் பேச்சைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கார்ட்டர்போன் என்னும் கருவி அவர் ஆக்கியது. 1968-இல் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வலையமைப்பிற்குக் கேடு விளைக்காத எக்கருவியையும் மக்கள் இணைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். கம்பி நிறுவனத்தினுடையது, கருவி மக்களுடையது. இவ்வெல்லையை வரைந்த பின்னரே அங்குப் பல்வேறு நிறுவனங்களின் தொலைபேசிகளும், தொலைநகல் பொறிகளும், கணினி இணைப்புக் கருவிகளும் வீடுதோறும் தடையின்றிப் புகுந்தன.

கம்பித் தொலைபேசியில் வென்ற உரிமை, கம்பியில்லாப் பேசி வந்தபோது கைநழுவிற்று. 2007 சூன் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் முதல் ஐபோனை விற்றது. ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு ஈராண்டு ஒப்பந்தம் செய்து, கணினி வழியாக இயக்க இசைவு பெற்றாலன்றி அது பேசாது; நெருக்கடி அழைப்பு ஒன்றுக்கே பயன்படும். இரவெல்லாம் வரிசையில் நின்று வாங்கியோருள் பலர்க்கு அவ்விசைவு உடனே கிட்டவில்லை. சிலர் ஒரு நாளுக்கு மேலும் காத்திருந்தனர். மறு ஆண்டு சூலை 11 அன்று இரண்டாம் ஐபோன் பல நாடுகளில் ஒரே நாளில் வெளிவந்தது. இசைவு தரும் கணினிகள் சுமை தாங்காது நின்றன. அன்று புதியது வாங்கியோர் மட்டுமா தவித்தனர்? ஓராண்டாக நன்கு பேசிக்கொண்டிருந்த பழைய ஐபோனில் புதிய மென்பொருளை ஏற்றியோரும் மீண்டும் இசைவு வேண்டி நின்றனர். அவர்கள் கையிலிருந்த பேசி பழுதுறவில்லை. தொலைவிலிருந்த ஒரு கணினி விடை சொல்லவில்லை. அவ்வளவே! இசைவு ஒருமுறை பெற்றாலும் அது நிலையான உரிமையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பூட்டைத் திறப்பதே குற்றமாகும் நிலையும் வந்தது. 2013 சனவரி 26-க்குப் பின் வாங்கிய பேசியை நிறுவனத்தின் ஒப்புதலின்றித் திறந்து வேறு வலையமைப்பிற்கு மாற்றுவதற்கு அமெரிக்கப் படைப்புரிமைச் சட்டத்தில் இருந்த விலக்கு நீங்கிற்று. பாடலையும் திரைப்படத்தையும் படியெடுப்பதைத் தடுக்க வந்த சட்டம், தன் பேசியைத் தான் திறப்பவனைத் தடுத்தது. ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள் கையொப்பமிட்டு அரசிடம் முறையிட்டனர். அதன் பயனாக 2014 ஆகசுடு 1 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா, அவ்விலக்கை மீட்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். கனடா 2017 திசம்பர் 1 முதல் பேசிகளைப் பூட்டி விற்பதையே தடுத்தது. பிரித்தானியா 2021 திசம்பரில் அவ்வழி சென்றது. கழிவு விலையில் கொடுத்தோம், தவணை தீருமட்டும் பூட்டி வைத்தோம் என்று நிறுவனங்கள் சொல்லும் கரணியம், இவ்விரு நாடுகளிலும் எடுபடவில்லை. பூட்டு நீங்கியதால் ஆங்கே வாணிகம் அழிந்துவிடவும் இல்லை. கடன் தீராவிடில் கடனுக்குரிய சட்டம் இருக்கின்றது. அதற்குப் பேசியின் வாயை அடைப்பானேன்?

பூட்டு நீங்கினும் பட்டியல் நீங்கவில்லை. 2022 பிப்பிரவரி 22 அன்று ஏடி அண்ட் டி தன் மூன்றாம் தலைமுறை வலையமைப்பை நிறுத்தியது. நான்காம் தலைமுறையில் குரலும் தரவாகவே செல்லுகின்றது. அதற்குரிய அமைப்புப் பேசியிலும் வலையமைப்பிலும் ஒத்திருத்தல் வேண்டும். பழையது நீங்கிப் புதியது வருதல் இயல்பே. ஆனால் அந்நிறுவனம் ஏற்புப் பட்டியலொன்றை வெளியிட்டு, அதில் இல்லாத பேசிகளுக்கு இணைப்பை மறுத்தது. நான்காம் தலைமுறைக் குரலழைப்புத் திறன் உடையவையாயிருந்தும், பட்டியலில் பெயரில்லை என்பதனாலேயே பல பேசிகள் ஊமையாயின. கேடு விளைக்காத கருவியை ஏற்றல் வேண்டும் என்பது 1968-இன் அறம். என் பட்டியலில் உள்ள கருவியையே ஏற்பேன் என்பது 2022-இன் நடைமுறை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று எவரும் கருதற்க. தமிழர் பிழைப்பு நாடிப் பல நாடுகளிலும் உழைக்கின்றனர். ஊருக்குத் திரும்புகையில் தாய்க்கும் தம்பிக்கும் அவர்கள் வாங்கி வரும் பொருள்களுள் முதன்மையானது பேசியே. அங்கே போடப்பெற்ற பூட்டு இங்கே நம் சிற்றூரில் வந்து தடுக்கின்றது. 2013-இல் வந்த சாம்சங் நோட் 3 முதலாகச் சில பேசிகளுக்கு வட்டாரப் பூட்டு இடப்பெற்றது. விற்ற வட்டாரத்துச் சிம் அட்டையால் முதலில் இயக்கினாலன்றி, வேறு வட்டாரத்து அட்டையை அவை ஏலா. இதனை அறியாது பெட்டி பிரியாமலே கொண்டுவந்து கொடுத்த அன்பளிப்பு, பயனின்றிக் கிடக்கும்.

இனி அட்டையே இல்லாப் பேசிகளும் வந்துவிட்டன. அட்டை கையிலிருந்த காலத்தில், பழைய பேசி கெட்டால் அதனைக் கழற்றிப் புதியதில் செருகினாற் போதும். எவரையும் கேட்க வேண்டுவதில்லை. அச்சிறு அட்டை உண்மையில் மக்கள் கையிலிருந்த திறவுகோல். 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் அட்டைக்குரிய இடமே நீக்கப்பெற்றது. 2025-இல் வந்த ஐபோன் 17, தமிழர் மிகுதியாக உழைக்கும் சவூதி அரேபியா, குவைத்து, கத்தார், ஓமன், ஐக்கிய அரபு நாடுகள் ஆகியவற்றிலும் அவ்வாறே விற்கப்பெறுகின்றது. மின்வழி வரும் ஈ-சிம், கள்வன் கழற்றி எறியவொண்ணாதது என்பது உண்மை, அது நன்மையே. ஆனால் பேசி மாற்றுந்தோறும் நிறுவனத்தின் கணினி விடை சொல்லுதல் வேண்டும் என்பதும் உண்மை. திறவுகோல் நம் கையினின்று அவர்கள் கைக்குச் செல்லுகின்றது.

இந்தியாவிலேயே நிகழ்ந்த ஒன்றையும் காண்க. 2022 அக்தோபர் 1 அன்று ஐந்தாம் தலைமுறை இணைப்பு இங்குத் தொடங்கப்பெற்றது. அதற்குரிய அலைவாங்கி உள்ள ஐபோன்களை மக்கள் ஈராண்டுக்கு முன்பிருந்தே விலைகொடுத்து வாங்கியிருந்தனர். எனினும், ஆப்பிள் நிறுவனம் திசம்பர் 13 அன்று புதிய மென்பொருளை விடுக்கும்வரை அவற்றில் அவ்விணைப்பு இயங்கவில்லை. வலையமைப்பும் இருந்தது, கருவியும் இருந்தது, இசைவு மட்டும் இல்லை.

ஆகலின் நாம் கேட்பன பெரிய சலுகைகள் அல்ல. விலை முழுதும் செலுத்திய பேசியில் எவ்வகைப் பூட்டும் இருத்தல் கூடாது. வலையமைப்பிற்குக் கேடு விளைக்காத எப்பேசியையும் மறுத்தல் கூடாது. மறுப்பின், அதன் கரணியத்தைக் குறித்த காலத்திற்குள் எழுத்தில் தருதல் வேண்டும்; அதுவும் வாங்கியவர் மொழியில் தருதல் வேண்டும். தமிழ்நாட்டு உழவர்க்கும் உழைப்பாளிக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொல்லைத் திரையில் காட்டிவிட்டு ஒதுங்குதல், கரணியம் சொல்லுதலாகாது. மேலும், விற்றவர், ஆக்கியவர், இணைப்பவர் ஆகிய மூவருள் பொறுப்பேற்பவர் ஒருவர் என்பதை விற்கும்போதே சீட்டில் எழுதித் தருதல் வேண்டும்.

சட்டம் வருமட்டும் நாமும் வாளாவிருத்தல் கூடாது. பேசி வாங்குவோர் பணம் கொடுக்குமுன் கடையிலேயே தம் இணைப்பை அதில் ஏற்றி ஓர் அழைப்பேனும் பேசிப் பார்த்தல் வேண்டும். பெட்டியில் உள்ள 15 இலக்க எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் ஒன்றா என்று நோக்குதல் வேண்டும். பூட்டில்லை என்று சீட்டில் எழுதி வாங்குதல் வேண்டும். அயல்நாட்டிலிருந்து கொணர்வோர், அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன்னரே அங்குள்ள இணைப்பில் அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காது திரும்புவோர் பத்துப் பேரேனும் இருப்பின், பதினோராம் நாள் அக்கடைக்காரரே நிறுவனத்தை நோக்கிக் கேள்வி கேட்பார். 1956-இல் ஒரு சிறு வாய்க்கவிப்பை விற்றவரும், 1968-இல் ஒரு கருவியை ஆக்கிய தனி மனிதரும் கேட்டதனால்தான் அங்கு வழி பிறந்தது. கேளாதவர்க்கு எவரும் திறவுகோலைக் கொண்டுவந்து கொடார்.