நடைபாதைவாசிக்கு விலாசம் வேண்டும்

மும்பையில் நடைபாதையில் படுத்திருப்பவர்களைக் கண்டால், "உழைக்காத சோம்பேறிகள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அது தவறு. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காகிதம் பொறுக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூலி கிடைக்கிறது. அந்தக் கூலிக்கு அறைதான் கிடைப்பதில்லை.

ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா? 1981 ஜூலையில், கொட்டும் மழையில், மராட்டிய அரசு அதைத்தான் செய்து பார்த்தது. அப்போது அகற்றப்பட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். வறட்சியால் வேலை இழந்து 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் கித்தான் குடிசை போட 2,500 ரூபாய் பறிகொடுத்தவர். அவரைக் குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி, மக்கள் ஊரில் தங்கினர். அவரோ வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடியும் நடைபாதையில்தான் குடியேறினார்.

இந்த விவரம் 1985-ல் வெளியான சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. அதே சமயம், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் கூறியது. நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும், நியாயம்தான். அப்படியானால் அங்கிருப்பவர்கள் வேறு இடத்தில் வேரூன்ற வழி செய்ய வேண்டாமா?

வழி இருக்கிறது. பைகுல்லாவில் நடைபாதைப் பெண்கள் 1986-ல் 'மகிளா மிலன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் ரேஷன் கார்டு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். சிறுகச் சிறுகச் சேமித்து, அவசரத்துக்குத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர்களில் பல குடும்பங்கள் மான்குர்தில் சொந்த வீட்டுக்குப் போயின. அவர்களுக்குத் தோள் கொடுத்த ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். தாமும் பம்பாய்த் தெருவில் படுத்து எழுந்தவர்.

முதல் படி, இரவில் தலை சாய்க்க ஓர் இடம். பெரிய நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மும்பையின் மக்கள் தொகை 1 கோடியே 24 லட்சம். அதற்கு 124 தங்குமிடங்கள் வேண்டும். அதில் பாதியைக்கூட மாநகராட்சி எட்டவில்லை. இதைக் கேட்கும் கடமை ஓட்டுப் போடும் நமக்கு உண்டு.

பண்டிகை நாளில் அன்னதானம் செய்கிறோம், நல்லதே. ஆனால் சாப்பாடு ஒரு வேளைப் பசியைத்தான் தீர்க்கும். விலாசமும் அடையாளச் சீட்டும் இல்லாதவன் வங்கிக் கணக்கு தொடங்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ படாதபாடு படுகிறான். சேமித்த காசும் இரவில் திருட்டுப் போகிறது.

நமது சங்கங்களில் மனு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். அலுவலகத்துக்குக் கூடவே போகலாம். மராத்தியும் இந்தியும் தெரியாத ஏழைக்கு அதுவே பெரிய துணை.

நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். நமக்கு முதல் நாளில் ஓர் அண்ணன் அறையோ, மாமா வீடோ இருந்தது. அவர்களுக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.