கோணல் மரங்களுக்கு என் ஓட்டு

ஒரு மரம் வரையச் சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன வரைவோம்? நேராக ஒரு தண்டு, மேலே பச்சையாக ஒரு மேகம். அவ்வளவுதான். எல்.கே.ஜி.யில் ஆரம்பித்த அந்தப் படம் பி.காம். வந்தும் மாறவில்லை :-) அந்தப் படத்துக்குள் அடங்காத மரத்தைப் பார்த்தால் "என்னடா இது, பேய் மரம் மாதிரி" என்று நகர்ந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், நின்று பார்க்க வேண்டிய மரங்களே அவைதான்.

முதலில் நாகலிங்கம். பூவென்றால் கிளை நுனியில்தானே இருக்க வேண்டும்? இது அடிமரத்திலேயே பூக்கும்! அதே இடத்தில் பீரங்கிக் குண்டு மாதிரி காய்களும் தொங்கும். பூ அத்தனை மணம், பழம் விழுந்து உடைந்தாலோ மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறந்த ஊர் தென் அமெரிக்கா. ஆனால் பூவுக்குள் ஒரு லிங்கத்தையும் அதன் மேல் படமெடுத்த நாகத்தையும் கண்டு, பெயர் வைத்து, சிவன் கோயிலில் நட்டுக்கொண்டார்கள் நம்மவர்கள். யாரோ ஒருவர் உற்றுப் பார்த்ததால் வந்த உறவு அது.

அடுத்தது பெருக்க மரம். ஆப்பிரிக்காவின் பாவோபாப். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 7.5 மீட்டர்தான், அடிமரச் சுற்றளவோ சுமார் 19 மீட்டர்! இலை உதிர்ந்துவிட்டால் வேர் மேலே இருக்கும்படி தலைகீழாக நட்டது போலத் தெரியும். பலகைக்கு ஆகாது. ஆனால் அந்தப் பருத்த தண்டு மழைக்காலத் தண்ணீரைக் கோடைக்குச் சேமித்து வைக்கும் தொட்டி. பட்டையை உரித்தாலும் திரும்ப வளர்த்துக்கொள்ளும். வெள்ளைப் பூ இரவில் மலரும், வௌவால்கள் தேடி வரும். நாம் 'அசிங்கம்' என்று சொல்லும் உருவம், அது பஞ்சத்தைத் தாண்டிய கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாலைக்காக மரத்தை வெட்டும்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "ஒன்றுக்குப் பத்து நட்டுவிடுவோம்." காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. ஒரு 500 ரூபாய் நோட்டுக்குப் பதில் ஐந்து 100 ரூபாய் நோட்டு தரலாம், நஷ்டமில்லை. மரம் நோட்டு இல்லையே? கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கடையிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது, வருஷக்கணக்கில் சேர்ந்தது. பழைய மரத்தின் குணமும் அப்படித்தான். பத்துக் கன்றுகள் பத்துக் கன்றுகள்தான்.

சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்று நடுவதும் அவசியம். ஆனால் அதை ஈடு என்று சொல்லாதீர்கள் என்கிறேன். இந்த மரங்கள் எப்போதும் இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் இருந்ததால் மரம் பிழைத்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய 13 பாவோபாப்களில் 9 மரங்கள், பன்னிரண்டே ஆண்டுகளில் முழுதாகவோ பகுதியாகவோ சரிந்துவிட்டன என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. பருவநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஆயிரம் வருஷம் நின்றவற்றுக்கே இந்த நிலைமை...

பெயர் தெரியாத மரம் விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பெயர் வைத்த மரத்தை வெட்ட வந்தால் தெருவில் நாலு பேராவது "ஏன்?" என்பார்கள். நாகலிங்கத்துக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பார்வையில்தான் ஆரம்பித்தது. உங்கள் தெருவிலும் கோணலாக, முடிச்சு முடிச்சாக ஒன்று நிற்கும். அதன் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?