நஞ்சுக்கொடியிடம் கேட்ட கேள்வி

ஒரு தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, மாதம் நிறையுமுன்னரே பிரசவம் நடந்துவிட்டால், வெளியே காத்திருக்கும் உறவினரிடையே ஒரு பேச்சு எழுவதுண்டு. "உப்பைக் குறைத்திருக்க வேண்டும்", "கவலைப்படாதே என்று எவ்வளவு சொன்னோம்" என்பார்கள். குழந்தையைப் பிரிந்து படுத்திருக்கும் தாயும் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு கண் கலங்குவாள். அப்பழி அவளுக்கு உரியதன்று. இதை ஒரு மருத்துவரின் ஆய்வுப் பணியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

மருத்துவர் அனந்த் கருமஞ்சி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றவர். அவர் தேர்ந்த துறை சிறுநீரக மருத்துவம். பிரீஎக்ளாம்ப்சியா என்னும் பேறுகால நோயில் ரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. நஞ்சுக்கொடி அகன்ற பின்னரே நோய் தணியத் தொடங்குகிறது. உலகில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்நோய் காணப்படுகிறது. அப்படியானால், நஞ்சுக்கொடியிலிருந்து வரும் எது தாயின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது? இக்கேள்வியோடு அவர் ஆய்வகத்துக்குச் சென்றார்.

பாஸ்டன் நகரில் அவரும் உடன் பணியாற்றியோரும், நோயுற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடிகளை நோயற்றோரின் நஞ்சுக்கொடிகளுடன் ஒப்பிட்டனர். எஸ்எஃப்எல்டி-1 என்னும் புரதம் நோயுற்றோரிடம் மிகுதியாக இருந்தது. ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காக்கும் பொருள்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கருவுற்ற எலிகளுக்கு அப்புரதத்தைச் செலுத்தியபோது, அவற்றுக்கும் ரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறியது. இம்முடிவுகள் 2003-இல் வெளியாயின. நஞ்சுக்கொடி ஏன் அதனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பது இன்றும் ஆராயப்படுகிறது. எனினும், தாய் உண்ட உப்போ பட்ட கவலையோ இந்நோயின் காரணமன்று என்று நாங்கள் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இக்கதையில் தாய்மாரின் பங்கும் பெரிது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை இந்நோயைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் முன்னர் ஓர் ஆய்வு நடந்தது. தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் அதில் பங்கேற்ற பெண்கள் கொடுத்த ரத்தம் பாதுகாக்கப்பட்டிருந்தது. நோய் வெளிப்படுவதற்குச் சுமார் 5 வாரங்களுக்கு முன்பே எஸ்எஃப்எல்டி-1 ஏறத் தொடங்குவதை, 2004-இல் அந்த ரத்தமே காட்டிக்கொடுத்தது. இப்புரதத்தை அளவிடும் ரத்தப் பரிசோதனைக்கு 2023-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. நோய் அறிகுறியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளுள் யாருக்கு அது விரைவில் கடுமையாகும் என்பதைக் கணிக்க அது உதவுகிறது.

ஆகவே, ஆய்வுக்காக நஞ்சுக்கொடியையோ சிறிது ரத்தத்தையோ தர இயலுமா என்று எந்த மருத்துவமனையிலேனும் உங்களைக் கேட்டால், அஞ்ச வேண்டாம். எதற்காக, யார் பயன்படுத்துவார்கள், பெயர் காக்கப்படுமா என்று தயங்காமல் கேளுங்கள். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலும் சிகிச்சையில் குறை நேரக் கூடாது. இசைந்தால், நீங்கள் கொடுப்பது முகமறியா ஒரு தாய்க்கு என்றேனும் துணையாகலாம்.

புதிய பரிசோதனைகள் வந்தாலும், ஒவ்வொரு வருகையிலும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்படுவதைத் தவறவிடாதீர்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் இருப்பின் உடனே வாருங்கள். பிரசவம் முடிந்த பின்னரும் இவை தோன்றக்கூடும். அவ்வேளையில் அத்தாய்க்கு வேண்டியது குடும்பத்தாரின் துணை. குற்றம் காணும் சொற்களை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு அவள் அருகே செல்லுங்கள்.