பட்டத்துக்கு ஆங்கிலம் கேட்கிறீர்கள், பட்டாசு ஆலைக்கு என்ன மொழி?

பொறியியல் பட்டம் வாங்கக் கணிதமும் இயற்பியலும் தேறினால் போதாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் 'டெக்னிக்கல் இங்கிலீஷ்' தாள் இருந்தது. 2021 விதிமுறையில் அது 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்று பெயர் மாறி இரண்டு பருவங்களில் வந்தது. செய்முறை விளக்கம், பாதுகாப்பு அறிவுறுத்தல், அறிக்கை, வேலை விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் பாடம் இது. தொழில்நுட்பத்தைப் புரியும்படி எடுத்துச் சொல்லும் கலை. இந்தப் பாடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதை யாருக்காக, எந்த மொழியில், யாரை வெளியே நிறுத்த நடத்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருவண்ணாமலை சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பாருங்கள். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி அரசுப் பள்ளி. அப்பா நூற்பாலையிலோ கட்டட வேலையிலோ இருப்பார். அம்மா பட்டாசுக்கோ காட்டு வேலைக்கோ போவார். ஜூலையில் தமிழில் யோசித்த பிள்ளை நவம்பரில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். இடையில் கற்றுத்தந்தது யார்? பாதி வகுப்பு ஏற்கெனவே ஆங்கிலவழியில் படித்தது என்ற கணக்கில் பாடம் ஓடுகிறது. பின்தங்கியவருக்குக் கிடைப்பது அரியர்.

அரியர் வெறும் மறுதேர்வு இல்லை தோழர்களே. 2021 விதிமுறைப்படி ஒரு தாளில் அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. பருவத் தேர்வில் 45 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் எடுத்தால் தேர்ச்சி. இதுவரை சரி. ஆனால் சிறப்பு முதல் வகுப்புக்கு 8.5 சி.ஜி.பி.ஏ. மட்டும் போதாது, எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் தடுக்கிய மாணவி கடைசி ஆறு பருவங்களில் வகுப்பிலேயே முதலாக வந்தாலும் அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகளில் பல 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கின்றன. தீர்த்த பிறகும் ஒட்டிக்கொண்டு வருகிற கறை. இதற்கு இந்த மண்ணில் வேறு பெயர் உண்டு, உங்களுக்கே தெரியும்.

மொழியை வாசற்கதவாக்குவது புதிதல்ல. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம்தான் கிடைத்தது. அன்று 'உனக்கு இந்த மொழி கிடையாது' என்றார்கள். இன்று 'இந்த மொழி இல்லையென்றால் உனக்குப் பட்டம் கிடையாது' என்கிறார்கள். 2015-ல் ரூர்க்கி ஐ.ஐ.டி. மதிப்பெண் குறைவு என்று முதலாண்டு மாணவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிள்ளைகள். சல்லடைக்குத் 'தரம்' என்று பெயர் வைத்தால் அதன் ஓட்டைகளை யார் அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

'அம்பேத்கரே ஆங்கிலம் படிக்கச் சொன்னாரே' என்று சிலர் எங்களிடமே வருகிறார்கள். ஆமாம், எங்களுக்கு ஆங்கிலம் வேண்டும். நீதிமன்றத்திலும் ஆராய்ச்சியிலும் வெளிநாட்டிலும் எங்கள் வழக்கை நாங்களே பேச வேண்டும். அதனால்தான் அதைக் கற்றுக்கொடுங்கள் என்கிறோம். கற்றுக்கொடுக்காமல் சோதிப்பது கல்வி அல்ல, வடிகட்டல்.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. பட்டம் வாங்கிய பொறியாளர் யாரோடு பேசப் போகிறார்? 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் மறுபடியும் வெடித்தது. மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எதை எதனோடு சேர்க்கக் கூடாது, வெடித்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கு அவள் தமிழில் எழுதித்தருவதுதான் இந்த மாவட்டத்தின் தொழில்நுட்பத் தகவல் தொடர்பு. மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்த பிறகும் எங்கள் ஆட்கள் விஷவாயுவில் சாகிறார்கள். அந்த வாயுவைப் பற்றி அவர்கள் மொழியில் ஒரு பக்கம் எழுதத் தெரியாதவருக்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்' இருப்பதாக எப்படிச் சான்று தருகிறீர்கள்?

2022-ல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கிரெடிட். பழைய நெசவையும் நடுகல்லையும் படித்து ஒப்பிக்கலாம். இன்றைய இயந்திரத்தைப் பற்றித் தமிழில் எழுதப் பழக்குவது அதன் வேலை அல்ல. 2010-ல் தொடங்கிய தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் வகுப்புகளை 2023-ல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். தமிழ் மேடைக்கு வேண்டும், பட்டறைக்கு வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. தமிழில் தொழில்நுட்பம் எழுதும் பயிற்சிக்கு ஆங்கிலத் தாளுக்குச் சமமான கிரெடிட். தேர்வுக்குப் பதில், உள்ளூர் ஆலைக்கோ மில்லுக்கோ ஒரு பாதுகாப்புக் கையேடு. அதைப் படித்துப் பார்த்துப் புரிகிறதா என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு.

2. தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதலாண்டு முழுக்க, சம்பளம் பெறும் ஆசிரியரோடு, மதிப்பெண் கணக்கில் சேராத ஆங்கிலப் பயிற்சி.

3. சிறப்பு வகுப்புக்கு 'முதல் முயற்சி' நிபந்தனை நீக்கம். தீர்ந்த அரியர் தீர்ந்ததுதான்.

4. ஒவ்வொரு தாளிலும் சாதிப் பிரிவுவாரியாக, பயிற்றுமொழிவாரியாகத் தேர்ச்சி விவரம் வெளியீடு. சல்லடையை எல்லோரும் பார்க்கட்டும்.

மாணவத் தோழர்களே, இது தானாக வராது. தோற்ற தாளை அடுத்த பருவத்தில் எழுத விடாத 2017 விதி, 2019 தொடக்கத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் தளர்ந்தது. ஆங்கிலவழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அந்த அனுமதி உண்டா? நாளையே முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். நல்ல தொழில்நுட்பத் தகவல் தொடர்புக்கு அதுவே முதல் பயிற்சி.

ஜெய்பீம்.