விடுமுறையில் எங்கே போகலாம்?



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் "உம்மா, எங்கேயாவது போவோமே!" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் கொழும்பிலே வசிப்பவர்களாயினும் சரி, உறவினர் வீட்டுக்கு வந்தவர்களாயினும் சரி, கடைசியில் போய்ச் சேர்வது கடைத்தெருவுக்குத்தான். வேறென்ன இருக்கிறது என்று கைத்தொலைபேசியில் தேடினால் ஹோட்டல்களும் வாடகை வாகனச் சுற்றுலாக்களுமே முன்னுக்கு வந்து நிற்கும். நுழைவுக் கட்டணமும் பெரிய தொகையாகப் போடப்பட்டிருக்கும். "இது நமக்குரியதல்ல" என்று மூடிவிடுகிறோம். அங்கேதான் தவறு நடக்கிறது.

அத்தகைய பக்கங்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள கட்டணமும் அவர்களுக்குரியதே. 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையிலும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலும் உள்நாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு; அது வெகு குறைவு. எனவே எந்தத் தளத்தைத் திறந்தாலும் உள்நாட்டவர் கட்டணம் எது என்பதையே முதலில் தேடுங்கள்.

இனி, பயன்தரும் மூன்று தளங்களைப் பார்ப்போம்.

ஒன்று, விக்கிவோயேஜ். தொண்டர்கள் எழுதும் பயண வழிகாட்டி, விளம்பரம் கிடையாது. கொழும்பு என்று தேடினால் பார்க்கவேண்டியவை, செய்யக்கூடியவை, உண்ணுமிடங்கள் எனப் பிரித்துத் தந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் செய்யுங்கள். அதுவும் ஒரு பாடமாகும்.

இரண்டு, ஓபன்ஸ்ட்ரீட்மெப். 2004இல் தொடங்கிய, எல்லோருக்கும் பொதுவான வரைபடம். அதில் பச்சை நிறமாகத் தெரியும் இடங்களைக் கவனியுங்கள். விளம்பரப் பட்டியல்களில் அதிகம் வராத பெத்தகான ஈரநிலப் பூங்கா போன்றவை அங்கே தென்படும். 2018இல் ஈரநில நகரம் என உலக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூன்று, கூகுள் மெப்ஸ். பஸ் வழியையும் தூரத்தையும் அறிய உதவும். ஓர் இடத்தைப் பற்றிப் பிறர் எழுதிய கருத்துக்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றி வாசியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்திய புகழ்ச்சியை விட, சென்ற வாரம் போனவரின் முறைப்பாடே நமக்கு உதவும். கழிப்பறை சுத்தமா, நிழல் உண்டா என்பதையெல்லாம் அவர்கள்தான் எழுதுவார்கள்.

ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். இணையத்தில் உள்ள நேரங்கள் மாறியிருக்கலாம். போயா தினத்திலும் அரச விடுமுறைகளிலும் சில இடங்கள் மூடப்படும். புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள். பூட்டிய வாயிலின் முன் பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

கையில் பஸ் கட்டணம் மட்டுமே இருக்கிறதா? காலிமுகத்திடலுக்குப் போங்கள். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, 1859இல் நிறைவுற்ற நடைபாதை அங்கே இருக்கிறது. கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன்கருதி அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அவர் பதித்த கல் கூறுகிறது. அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பட்டம் விடவும் கடற்காற்று வாங்கவும் அங்கே நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.